கடல்மட்டம் மட்டும் காரணம் அல்ல

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கியதற்குக் கடல்மட்ட உயர்வை மட்டுமே, அவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரை காரணம் காட்டுகிறது. அது பாதி உண்மைதான். பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். இந்தத் தீவுகள் மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்த தாழ்ந்த திட்டுகள். அலையின் வேகத்தை உடைப்பது முன்னால் இருக்கும் பவளப்பாறைதான். அது போனால் அலை நேராக வந்து மணலை அரித்துவிடும். 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்குள் வந்தது. ஆனால் மூளைப்பவளம் போன்ற உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். இழந்த பாறை நம் காலத்தில் திரும்பாது.

தூத்துக்குடிப் பக்கம், இந்த 21இல் ஒன்றான வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அந்தத் துளைகள் மிக முக்கியம். மூடிய சுவராக இருந்தால் அலை எதிர்த்தடித்து அடிமணலைத் தோண்டிவிடும். துளை வழியே நீர் போனால் வேகம் தணிந்து உள்பக்கம் மணல் படியும், மீனும் ஒதுங்கும். அத்துடன் கடற்புல்லையும் காக்க வேண்டும். அதன் வேர்தான் அடிமணலைப் பிடித்து வைக்கிறது. கடலடியில் இழுத்துச் செல்லும் மடி வலை அந்தப் புல்லை வேரோடு பிடுங்கிப் போடுகிறது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.