நூறிலிருந்து ஏழைக் கழிக்கத் தெரியாதவர்களின் மறதி

1901ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்ட் டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் அவரது பெயரை எழுதச் சொன்னார் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். மறதிநோய்களுள் ஒன்று இன்று இவர் பெயரால்தான் அறியப்படுகிறது. 'திருமதி' என்ற சொல்லை எழுதிய அந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது மறந்துபோயிற்று. 1906இல் அவர் இறந்தபின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நரம்புச் செல்களுக்கு வெளியே படிந்திருந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த இழைகளையும் அல்சைமர் கண்டார். அந்தத் திட்டுகள் அமிலாய்டு என்ற புரதம், இழைகள் டௌ என்ற புரதம் என்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தவை.

அந்த நுண்ணோக்கியைவிட அந்த எழுத்துச் சோதனைதான் என்னை உறுத்துகிறது. காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் மீன் விற்ற என் ஆயா, வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் பெயரை எழுதியதில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டுத்தான். எழுதவே தெரியாத ஒருவர் எழுத மறந்துவிட்டாரா என்பதை எந்த மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆயாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது இது வெறும் கேள்வியாக இல்லை. இன்று என்ன தேதி என்றார்கள். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். தாளில் இருந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லிக் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அதை அவர் மீன் அரியும் கத்தியைப் போலப் பிடித்தார். இறுதியில், படிக்காதவர், வயதும் ஆகிவிட்டது, மறதி இருக்கத்தான் செய்யும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோய் இல்லாதவரை நோயாளி என்று சொல்வது ஒரு பிழை என்றால், நோய் இருப்பவரைப் படிக்காதவர் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய பிழை. ஆயாவுக்கு நேர்ந்தது இரண்டாவது.

உலகெங்கும் பயன்படும் அந்தச் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். கழித்தலுக்கு 5, வாசித்துச் செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, படம் வரைவதற்கு 1. ஆக, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் சோதனை தொடங்கும் முன்பே 8 மதிப்பெண்ணை இழக்கும் நிலையில்தான் நாற்காலியில் உட்காருகிறார். இது ஆய்வாளர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாதவர்களுக்கென இந்தியில் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழும் வளரும் நாடுகளைப் பற்றி நடப்பது 10 விழுக்காட்டுக்கும் குறைவான ஆய்வுதான் என்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு 1998இல் உருவான 10/66 ஆய்வுக் குழு, சென்னையிலும் வேலூரிலும்கூடக் களப்பணி செய்தது. நோயாளியை நன்கறிந்த வீட்டாரிடம் கேட்பதும் அதன் முறையில் ஒரு பகுதி. கருவி இருக்கிறது, அது நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

புதிய மருந்துகளைப் பற்றி ஆரவாரமான செய்திகளைப் படிக்கிறோம். 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெக்கனெமாப், 18 மாதச் சோதனையில் நோயின் போக்கை 27 விழுக்காடு மெதுவாக்கியது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. ஒப்புதல் கிடைத்தபோதைய முறைப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ கசிவோ உண்டா என்று அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவும் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. தொடக்க நிலையில் யாரையும் கண்டுபிடிக்காத ஊரில் இந்த மருந்தைப் பற்றி வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வம் தருவது வேறொன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகம். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட பட்டியலில், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களுள் குறைந்த கல்வி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது கேளாமை, காற்று மாசு ஆகியவை இருக்கின்றன. தொழிற்சாலைகள் நிறைந்த மணலிக்கும் எண்ணூருக்கும் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தப் பட்டியல் முகவரிச் சீட்டைப் போல இருக்கிறது.

ஆனால் கல்வி என்றால் பள்ளியில் கழித்த ஆண்டுகள் மட்டும்தானா? மூளையைப் பழக்கி வைத்திருந்தால் நோயின் சேதத்தை அது சில காலம் தாங்கும் என்கிறார்கள். ஏலத்தில் கூடை விலையை மனத்திலேயே போட்டு, எந்த வீட்டில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதைத் தாளில்லாமல் வைத்திருந்து, ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கில் பேரம் பேசிய மூளை பழகாத மூளையா? ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது: ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் 4.5 ஆண்டுகள் பிந்தித் தொடங்கியது, எழுத்தறியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வு ஹைதராபாத்திலிருந்து வந்தது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன். மூன்று மொழி புழங்கும் தெருவில் வாழ்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். ராயபுரத்திலும் தோன்றியிருக்கலாம்.

2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் எங்கள் தெருவின் எல்லா வீட்டு முதியவர்களையும் பெயர் சொல்லி அழைப்பார். மறதிநோய்க்குக் காரணமாகும் இரண்டு நோய்களின் மாத்திரை அவர் பையில் இருக்கிறது. கூடவே நான்கைந்து கேள்விகளையும் அவருக்குக் கற்றுக்கொடுத்து, சந்தேகம் உள்ளவர்களை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்தக் கேள்விகள் பகுதிக்குப் பகுதி மாற வேண்டும். காசிமேட்டில் தேதியைக் கேட்பதைவிட மீன்பிடித் தடைக்காலத்தைக் கேட்பது பொருத்தம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கும் அந்த 61 நாளை மறக்கும் குடும்பம் இங்கே கிடையாது.

மருத்துவமனைக்குப் போவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஒரு மே மாதம் விடியற்காலையில் ஆயா கூடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "இன்னாடா இது, ஒரு லாஞ்சுகூட கடலுக்குப் போவல?" என்று என்னிடம் கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.