நெகிழ்ச்சியின் கழித்தல் குறி

விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்பதால், அளவு மாறும் விழுக்காட்டை விலை மாறும் விழுக்காட்டால் வகுத்துப் பெறும் விலைத் தேவை நெகிழ்ச்சி கழித்தல் குறியோடு வருவதே இயல்பு. பாடநூல்கள் பலவும் அந்தக் குறியைத் துடைத்துவிட்டு, நெகிழ்ச்சி 2 என்று மட்டும் எழுதுகின்றன. 1890இல் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் வெளியிட்ட நூலிலேயே, விலை 1 விழுக்காடு குறைந்தால் தேவை எத்தனை விழுக்காடு கூடும் என்று கேட்டதால், அது நேர்க்குறி எண்ணாகவே அமைந்தது. அதில் பிழையில்லை. இன்றைய பாடநூல்கள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வழக்கைக் கடைப்பிடிக்காததுதான் என் மனக்குறை. −2 என்பது −1ஐ விடச் சிறிய எண். அதையே அதிக நெகிழ்ச்சி என்று சொல்லும்போது மட்டு மதிப்பை, அதாவது குறியை நீக்கிய அளவைப் பேசுகிறோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

விளைவை நானே ஒருமுறை எக்செல் தாளில் பட்டுத் தெரிந்துகொண்டேன். லாபத்தை உச்சமாக்கும் விலை என்பது, இறுதிநிலைச் செலவை, அதாவது கூடுதலாக ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவை, (1 + 1/நெகிழ்ச்சி) என்பதால் வகுத்தால் கிடைப்பது. செலவு 60, நெகிழ்ச்சி −2 என்றால் 60ஐ 0.5ஆல் வகுக்க வேண்டும், விலை 120. நான் மனப்பழக்கத்தில் குறியில்லாத 2ஐ இட்டேன். 60ஐ 1.5ஆல் வகுத்த தாள், 40 என்று விடை சொன்னது. செலவுக்கும் கீழான விலையில் லாபம் உச்சமாகுமாம்! விடை அபத்தமாக இருந்ததால் பிழை தெரிந்தது. எல்லாப் பிழைகளும் இவ்வளவு நேர்மையாக முகம் காட்டுவதில்லை.

ஒரு பொருளின் விலை மாறினால் இன்னொரு பொருளின் தேவை எவ்வளவு மாறும் என்று சொல்லும் குறுக்கு நெகிழ்ச்சியில் குறிதான் செய்தியே. கூட்டல் குறி என்றால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதை வாங்கும் பதிலீட்டுப் பண்டங்கள், கழித்தல் குறி என்றால் அச்சுப்பொறியும் மையும் போலச் சேர்ந்தே விற்பவை. குறியைத் துடைத்தே பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

குறியை இழந்த எண் அடுத்து, எந்த விலையில் அளந்தது என்ற தன் இடத்தையும் இழந்து, பொருளின் நிரந்தர முத்திரைபோல ஆகிவிடுகிறது. தேவை = 100 − விலை என்ற நேர்கோட்டில் விலை 20ஆக இருக்கையில் நெகிழ்ச்சி −0.25, 80ஆகும்போது −4. "நெகிழ்ச்சி 0.25தானே, தாராளமாக ஏற்றலாம்" என்று 20இலிருந்து 80 வரை ஏற்றிக்கொண்டே போகிறவருக்குக் கடைசியில் கிடைக்கும் வருவாய், புறப்பட்டபோது இருந்த அதே 1,600தான், 2,500 வருவாய் தந்த 50 என்ற விலையை அவர் வழியிலேயே கடந்து வந்துவிட்டார்.