ஒன்னாம் நம்பர் பிக்கை வித்த கதை

2025 ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அமெரிக்க ஃபுட்பால் டீமுங்க காலேஜ் பசங்களை எடுக்கிற ட்ராஃப்ட்ல ரெண்டாவது ரவுண்டு ஓடிட்டிருக்கு. 39வது பிக்ல எங்க சிகாகோ பேர்ஸ் லூதர் பர்டன்னு ஒரு மிசௌரி காலேஜ் ரிசீவரை, அதாவது பந்தைப் புடிக்கிறவனை, எடுத்தாங்க. அடுத்த நிமிஷமே சார்லட்ல இருந்து ஃபோன். ஹலோ கூட சொல்லல, "அது எங்க பிக்குடா"ன்னான். காலேஜ்ல எனக்கு ரூம்மேட்டா இருந்தவன், இப்ப அந்த ஊரு கரோலினா பாந்தர்ஸ் டீமோட ஃபேன், நான் சிகாகோ பக்கம் வந்து பேர்ஸ் ஃபேன் ஆயிட்டேன். 2023ல இருந்து எங்களுக்குள்ள இந்த ஒரே சண்டைதான், சரி இன்னைக்கு எழுதியே தீத்துடலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், டீ போட்டுட்டு வாங்க.

ஃபுட்பால்னதும் மெஸ்ஸி ரொனால்டோன்னு வந்தவங்க மன்னிக்கணும், இது ஹெல்மெட் போட்டுகிட்டு முட்டை மாதிரி பந்தை வச்சு ஆடுற அமெரிக்க ஆட்டம். காலேஜ் பசங்களை என்எஃப்எல்ங்கிற லீக் டீமுங்க எடுக்கிறது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்ல. இங்க காசு கொட்டி யாரையும் தூக்க முடியாது, வரிசைதான். 32 டீம், 7 ரவுண்டு, போன சீசன்ல ஆகக் கேவலமா ஆடினவனுக்கு மொத சான்ஸ். அந்த சான்ஸுக்குப் பேருதான் பிக். இதுல கூத்து என்னன்னா அந்த பிக்கையே வாங்கலாம் விக்கலாம், அடுத்த வருஷ பிக், அதுக்கடுத்த வருஷ பிக்னு இன்னும் முளைக்காத பயிரைக் கூட வித்துக்கலாம்.

சரி, எங்களுக்கு ஒன்னாம் நம்பர் பிக் வந்த கதையே ஒரு தனிக் கதை. 2022 சீசன் பேர்ஸ் 3 ஜெயிச்சு 14 தோத்துச்சு. அப்படியும் எங்களை விட ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் மட்டமா இருந்தாங்க, கடைசி மேட்ச்ல அவங்க சும்மா தோத்தாலே மொத பிக் அவங்களுக்கு. 2023 ஜனவரி 8, கோல்ட்ஸோட மேட்ச், ஒரு நிமிஷம் கூட பாக்கி இல்ல, நாலாவது டவுன், அதாவது கடைசி சான்ஸ், 20 யார்டு முன்னேறணும், யாருமே தேறாதுன்னு நினைக்கிற இடத்துல பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயி டச்டவுன் போட்டு, அதுக்கு மேல ரெண்டு பாயிண்ட் ட்ரையும் போயி அதையும் எடுத்து 32-31னு ஜெயிச்சுத் தொலைச்சாங்க! மொத பிக் எங்க மடியில வந்து விழுந்துச்சு. அந்த டெக்ஸன்ஸ் கோச் யாரு தெரியுமா, லவ்வி ஸ்மித். ஒரு காலத்துல எங்களை சூப்பர் பௌல்ங்கிற ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர், 2012ல 10 மேட்ச் ஜெயிச்சும் நாங்க வேலையை விட்டு அனுப்பின அதே மனுஷன். ஜெயிச்ச அன்னைக்கே ஹூஸ்டன்லயும் அவரை அனுப்பிட்டாங்க. பாவம் அவர், ஆனா சிகாகோல அவருக்கு சிலை வைக்கலாம்னு அப்ப பாதி ஊரு பேசுச்சு.

இப்ப மேட்டருக்கு வரேன். எங்க ஜிஎம் (யாரை எடுக்கிறதுன்னு முடிவு பண்ற ஜெனரல் மேனேஜர்) ரயன் போல்ஸ் அந்த பிக்கை வச்சு ப்ரைஸ் யங்கையோ சிஜே ஸ்ட்ரௌடையோ, அதாவது ஒரு க்வார்ட்டர்பேக்கை, பந்தை எறிஞ்சு டீமை நடத்துறவனை, எடுத்திருக்கலாம். ஆனா அந்த இடத்துல ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஏற்கனவே இருந்தான். வில் ஆண்டர்சன் மாதிரி ஒரு டிஃபென்ஸ் ஆளை எடுத்திருக்கலாம், நான் அப்ப கத்தினது இதுக்குத்தான். போல்ஸ் ட்ராஃப்டுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே, மார்ச் 10ம் தேதியே, பாந்தர்ஸுக்கு வித்துட்டாரு. பதிலுக்கு வந்தது அந்த வருஷ 9வது பிக், 61வது பிக், 2024 மொத ரவுண்டு பிக், 2025 ரெண்டாவது ரவுண்டு பிக் (மேல சொன்ன அந்த 39வது), இதுக்கெல்லாம் மேல டிஜே மூர்னு அவங்க டீமோட பெஸ்ட் ரிசீவர்.

இந்த ஊர்ல இதுக்கெல்லாம் ஒரு விலைப்பட்டியல் உண்டு. 90கள்ல டல்லஸ் கௌபாய்ஸ் கோச் ஜிம்மி ஜான்சன் காலத்துல போட்ட சார்ட், மொத பிக்குக்கு 3000 பாயிண்ட், 9வதுக்கு 1350, 61வதுக்கு 292ன்னு ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும். அதை வச்சுதான் ரொம்ப நாள் எல்லா டீமும் பேரம் பேசினாங்க. இந்த போர்டையே தப்புன்னு சொன்னவங்க ரெண்டு பேரு, கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும். தேலர் எங்க சிகாகோ யூனிவர்சிட்டி ப்ரொஃபசர், 2017ல எகனாமிக்ஸ் நோபல் வாங்கினவர். அவங்க கணக்கு போட்டுப் பாத்து சொன்னது, மேல இருக்கிற பிக்குங்களுக்கு டீமுங்க தேவைக்கு மேல விலை குடுக்குதுன்னு. அதுல ஒரு நம்பர் எனக்கு மண்டையிலேயே நிக்குது. ஒரு பொசிஷன்ல மொதல்ல எடுத்தவன் அதே பொசிஷன்ல அவனுக்கு அடுத்து எடுத்தவனை விட நல்லா ஆடுறதுக்கான சான்ஸ் சுமார் 52 சதவீதம்தான். காசை சுண்டி விட்டா 50. அந்த 2 சதவீதத்துக்குத்தான் ஸ்கௌட்டு, டேப்பு, ஓட்டப்பந்தயம், உள்ளங்கை அளவு எடுக்கிறது எல்லாம். எங்க ஊர்ல பொண்ணு பாக்கப் போறப்ப கூட இவ்ளோ அளவெடுக்க மாட்டாங்க.

இதுல ஒரு ஞாயமான மறுப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். அவங்க அந்த கணக்கு போட்ட காலத்துல மொத பிக்குக்கு சம்பளமும் தலைக்கு மேல. 2010ல சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டாலர் கேரண்டி. 2011ல புது ஒப்பந்தம் போட்டு ரூக்கிங்க, அதாவது புதுப் பசங்க, சம்பளத்துக்கு லிமிட் வச்சாங்க, அந்த வருஷ மொத பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கே 22 மில்லியன்தான். 2025 நிலைமை என்னன்னா ஜோ பர்ரோ மாதிரி தேறின க்வார்ட்டர்பேக்குக்கு வருஷம் 55 மில்லியன், புதுப் பையனுக்கு நாலு வருஷத்துக்கும் சேத்தே அவ்ளோ வராது. அப்ப க்வார்ட்டர்பேக் க்ளிக் ஆயிட்டான்னா அந்த நாலு வருஷம் மிச்சமாகுற காசுல டீமையே கட்டிடலாம். அதனாலதான் எல்லாரும் பைத்தியம் புடிச்சு, இருக்கிறதைக் குடுத்து மேல இருக்கிற பிக்குக்கு ஏறி வராங்க. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா பாந்தர்ஸ் எதைக் குடுத்து ஏறி வந்தாங்கன்னு பாருங்க. பந்தை எறியிற பையனை வாங்குறதுக்கு பந்தைப் புடிக்கிறவனைக் குடுத்தாங்க. அதுக்கு முந்தின அக்டோபர்லதான் பந்தோட ஓடுற கிறிஸ்டியன் மெக்காஃப்ரேவை வேற ஃபார்ட்டி நைனர்ஸுக்கு வித்து முடிச்சிருந்தாங்க. மாடு வாங்கணும்னு தொழுவத்தை வித்துட்டு நடுரோட்ல கயித்தைப் புடிச்சிகிட்டு நின்ன மாதிரி. ப்ரைஸ் யங் 5 அடி 10 அங்குலம், காலேஜ்ல ஹைஸ்மன்ங்கிற சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கின புள்ள, திறமை இல்லாதவன் இல்ல, அவனை மொத வருஷம் 62 தடவை சாக் பண்ணாங்க, அதாவது எறியிறதுக்கு முன்னாடியே அமுக்கிட்டாங்க. 62! எறியிறதுக்கு ஆள் தேடி முடிக்கிறதுக்குள்ள மேல நாலு பேரு படுத்திருப்பானுங்க. டீம் 2-15, அதாவது 2 ஜெயிச்சு 15 தோல்வி, அதனால எங்ககிட்ட இருந்த அவங்க 2024 பிக்கே மொத பிக் ஆச்சு. கோச் ஃபிராங்க் ரைக்கை சீசன் முடியிறதுக்குள்ளயே அனுப்பினாங்க. அந்தப் பக்கம் நாங்க வாங்கின டிஜே மூர் 1364 யார்டு, அவன் கெரியர் பெஸ்ட்.

என் ஃப்ரெண்டு இங்க ஒரு பாயிண்ட் வைப்பான், அது எனக்கே கொஞ்சம் குத்தும். "ரெண்டாவதா போன ஸ்ட்ரௌட் மட்டமான டீமுக்குத்தானேடா போனான், அவன் எப்படி 4108 யார்டு போட்டு ப்ளேஆஃப் மேட்ச் ஜெயிச்சான், அப்ப தப்பு வித்ததுலயோ வாங்கினதுலயோ இல்ல, ஆளை மாத்தி எடுத்ததுல"ம்பான். பாதி சரி. ஆனா ஹூஸ்டன் ஸ்ட்ரௌடுக்காக ஒரு பைசா யாருக்கும் குடுக்கல, அவங்க சொந்த பிக் அது. எறியிறவனைக் காக்கிற லெஃப்ட் டாக்கிள் இடத்துல டன்சில்னு ஒரு மலை நின்னுச்சு. அப்புறம் 52 சதவீதம்னு சொன்னேன்ல, ரெண்டு பேர்ல யாருன்னு உறுதியா தெரியாதப்ப ஒருத்தன் மேலயே வீட்டுப் பத்திரம் வரைக்கும் வைக்கிறதைத்தான் நான் கேக்குறேன். அது மட்டும் இல்ல, ஸ்ட்ரௌடை விட்டது நாங்களும்தான், அதை பேர்ஸ் ஃபேன்ஸ் யாரும் பேசறதில்ல, மொத பிக் கையில இருந்துச்சு நமக்கு!

வாங்குற பக்கம் நாங்களும் உக்காந்திருக்கோம்ங்க. 2017ல மூணாவது இடத்துல இருந்து ரெண்டாவது இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏறுறதுக்கு, மூணாவது பிக்கோட இன்னும் மூணு பிக்கைக் குடுத்துட்டு மிட்ச் ட்ருபிஸ்கிங்கிற க்வார்ட்டர்பேக்கை எடுத்தோம். பத்தாவதா போனவன் பின்னாடி பெரிய ஸ்டார் க்வார்ட்டர்பேக் ஆன பேட்ரிக் மஹோம்ஸ். இதுக்கு மேல எழுத எனக்கு தெம்பில்ல.

விக்கிற பக்கம் நல்லா உக்காந்தவங்கன்னா 2001 சான் டியாகோ சார்ஜர்ஸ். மொத பிக்கை அட்லாண்டாவுக்கு குடுத்தாங்க, அவங்க மைக்கேல் விக்கை எடுத்தாங்க, விக் சும்மா இல்ல, மைதானத்துல மின்னல். ஆனா சார்ஜர்ஸ் அஞ்சாவது இடத்துக்கு இறங்கி லடேனியன் டாம்லின்சனையும், ரெண்டாவது ரவுண்டு மொத பிக்ல ட்ரூ ப்ரீஸையும் எடுத்தாங்க. பின்னாடி பெரிய ஸ்டாரான ரெண்டு பேர், ஒரே ட்ராஃப்ட்ல! அப்புறம் 2012ல ராபர்ட் கிரிஃபின்ங்கிற க்வார்ட்டர்பேக்குக்காக வாஷிங்டன் மூணு மொத ரவுண்டு பிக், ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக்குன்னு ராம்ஸுக்கு குடுத்தது. 2014ல ரெண்டு டீமும் மோதினப்ப டாஸ் போட ராம்ஸ் யாரை அனுப்பினாங்க தெரியுமா, அந்த பிக்குங்கள்ல வந்த பசங்களையே கேப்டனா அனுப்பினாங்க. குசும்பு. ராம்ஸ் 24-0ன்னு ஜெயிச்சாங்க.

அதனால போல்ஸ் பெரிய ஜீனியஸ்னு நான் சொல்ல வரல, பாந்தர்ஸ் 2-15 போகும்னு அவருக்கு மட்டும் கனவா வந்துச்சு? லக்குதான். ஆனா லக் வந்து கதவைத் தட்டணும்னா கதவு இருக்கணும்ல. ஒரே ஆளை எடுத்திருந்தா ஒரு கதவு. வித்ததுனால மூரு, 9ல இருந்து ஒரு படி இறங்கி எடுத்த டார்னெல் ரைட்டு, 61ஐ வச்சு மேல ஏறி எடுத்த ஸ்டீவன்சனு, எல்லாத்துக்கும் மேல 2024 மொத பிக், 2025ல பர்டனு. ஒன்னு ஊத்திகிட்டாலும் இன்னொன்னு நிக்கும்.

அப்ப 2024ல ரெண்டாவது தடவையா மொத பிக் வந்தப்ப மறுபடி ஏன் விக்கலன்னு கேப்பீங்க. நான் விக்கச் சொன்ன கூட்டம்தான், ஃபீல்ட்ஸை வச்சுக்கங்கடான்னு க்ரூப்ல சண்டை போட்டு ரெண்டு பேர் வெளியவே போயிட்டாங்க. இப்ப யோசிச்சா நான் சொன்னது தப்பு. ஃபீல்ட்ஸுக்கு அது நாலாவது வருஷம், அதுக்கடுத்த வருஷம் அவனை வச்சுக்கணும்னா சுமார் 25 மில்லியன், சீப் காலம் முடிஞ்சு போச்சு. புது க்வார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தா கடிகாரம் திரும்ப ஒன்னுல இருந்து ஓடும். பாந்தர்ஸ் மாதிரி எதையும் விக்காம, மூரும் டீம்ல இருக்க, சொந்த 9வது பிக்ல ரோம் ஒடூன்ஸேவும் வர, அப்ப எடுக்கிறதுதான் சரி. ஆனா எடுத்துட்டு எங்காளுங்க என்ன பண்ணாங்க? ஊருக்கு உபதேசம் பண்ண நாங்களே லைனை, அதாவது க்வார்ட்டர்பேக்கைக் காக்கிற வரிசையை, ஒழுங்கா கட்டல, அந்தப் பையனை 68 தடவை சாக் பண்ண விட்டோம், ப்ரைஸ் யங்கை விட ஆறு அதிகம். 5-12. கோச்சையும் சீசன் நடுவுல அனுப்பினோம். மாடு வந்தப்புறம்தான் 2025ல தொழுவம் கட்டினோம், தூனி, டால்மன், ஜோனா ஜாக்சன்னு மூணு லைன்மேன், கோச்சா பென் ஜான்சன். ஒரு வருஷம் முன்னாடி பண்ணிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்னு யாராவது கேட்டு சொல்லுங்க.

2025 ட்ராஃப்ட் க்ரீன் பேல நடந்துச்சு (எங்க பரம எதிரி டீமோட ஊரு, பேர்ஸ் ஃபேன் அந்த ஊர் பேரை டைப் பண்றதே பெரிய விஷயம்). டென்னசி டைட்டன்ஸ் மொத பிக்கை விக்கவே இல்ல, கேம் வார்டை எடுத்துட்டாங்க. போகட்டும், க்வார்ட்டர்பேக் இல்லாத வீடு, சொந்த பிக், யாருக்கும் கடன் இல்ல. எனக்கு ஆச்சரியமா இருந்தது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ்தான். ட்ராவிஸ் ஹன்டருக்காக அஞ்சுல இருந்து ரெண்டுக்கு ஏறி வந்தாங்க, 36வது பிக்கும் 2026 மொத ரவுண்டு பிக்கும் க்ளீவ்லேண்ட் ப்ரௌன்ஸுக்கு. ஹன்டர் அட்டாக், டிஃபென்ஸ்னு ரெண்டு பக்கமும் ஆடுறவன், அபூர்வம்தான், க்வார்ட்டர்பேக்கா லாரன்ஸும் ஏற்கனவே இருக்கான். இருந்தாலும் அடுத்த வருஷ மொத ரவுண்டு பிக்கை எழுதிக் குடுக்கிறப்ப எல்லாருமே நாம அடுத்த வருஷம் நல்லா ஆடுவோம்னுதான் குடுக்கிறாங்க. பாந்தர்ஸும் அப்படித்தான் குடுத்தாங்க.

இதை ஃபோன்ல சொன்னதும் என் ஃப்ரெண்டு சிரிச்சுட்டான். 2023 டிசம்பர் 31 ஞாபகப்படுத்தினான். பாந்தர்ஸ் ஜாக்சன்வில் போயி இதே ஜாகுவார்ஸ்கிட்ட 26-0ன்னு தோத்த நாள், அன்னைக்குத்தான் எங்களுக்கு 2024 மொத பிக் உறுதியாச்சு, அன்னைக்குத்தான் பாந்தர்ஸ் ஓனர் டேவிட் டெப்பர் கடுப்புல பாக்ஸ்ல இருந்து எதிர் டீம் ஃபேன்ஸ் மேல கையில இருந்த ட்ரிங்கை ஊத்தி 3 லட்சம் டாலர் ஃபைன் கட்டினாரு. நான் சிகாகோல உக்காந்து அந்த மேட்சைப் பாத்து குதிச்சிட்டிருந்தேன், அவன் டிவியை ஆஃப் பண்ணிட்டு வாக்கிங் போயிட்டானாம்.

"அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன்டா, இந்த சீசன் ஜாகுவார்ஸ் மேட்ச் ஒன்னு விடாம க்ளீவ்லேண்ட் சட்டை போட்டுகிட்டுப் பாக்கப் போறேன்"ன்னான். ஏன்டா உனக்கும் க்ளீவ்லேண்டுக்கும் என்ன சம்பந்தம்னேன். "ஒன்னுமில்ல, வித்தவன் பக்கம் உக்காந்து ஒரு சீசனாவது பாக்கணும்ல"ன்னு வச்சுட்டான்.