வெற்றின்னா ரத்தம் சூடாகணுமாம்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீங்க. சனிக்கிழமையிலிருந்து பதினோரு பேர் அனுப்பிட்டீங்க.

ஒரு பேச்சுப் போட்டி. பேசறது எட்டாவது படிக்கிற பொண்ணு. "வேலூர் கண்ட வெற்றி"ன்னு தலைப்பு கொடுத்தது போட்டி நடத்தினவங்கதான். அது கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசுது. பாதியிலேயே சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, "வெற்றின்னா ரத்தம் சூடாகணும்மா, நீ ஆஸ்பத்திரி கதை சொல்றியே"ங்கிறார். கூட்டம் சிரிக்குது. முதல் பரிசு, ஆற்காட்டுக் கோட்டையில முற்றுகையை எதிர்த்து இங்கிலீஷ்காரன் கிளைவ் நின்ன கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன பையனுக்கு.

கிளைவாம்! 1751ல ஐம்பது நாள் தாக்குப்பிடிச்சான், சரி. ஆற்காட்டுக்காரனுக்கு என்ன கிடைச்சது? 1760ல வந்தவாசியில இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதினாங்க. ஜெயிச்சவன் நம்மளை ஆள வழி பண்ணிக்கிட்டான். இதுக்கா ரத்தம் சூடாகணும்?

"1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியை மறந்துட்டியா?"ம்பீங்க. வேலூர் மக்கான் பக்கத்துல அதுக்கு வெச்ச நினைவுத்தூணைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போறேன். அந்தச் சிப்பாய்ங்களுக்குக் கும்பிடு. ஆனா அது ஒரே நாள்ல அடக்கப்பட்ட புரட்சி. தோத்தவங்களுக்குத்தானே தூண் வெச்சிருக்கோம்? சரி, இது கொஞ்சம் விதண்டாவாதம்தான், விடுங்க.

எங்க ஆயாவுக்கு, அதாவது அப்பாவோட அம்மாவுக்கு, தொழுநோய். இதை இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல. விரல் உள்பக்கமா மடங்கிப்போயி, ஊர்ல யாராவது வந்தா முந்தானைக்குள்ள கையை வெச்சுக்குமாம். மடங்கின கையை, வேலை செய்யற வேற தசைநாரை மாத்தி வெச்சுத் தைச்சு நிமித்தலாம்னு டாக்டர் பால் பிராண்ட் 1948ல செஞ்சு காட்டினது இந்த வேலூர்லதான். 1955ல கரிகிரி ஆஸ்பத்திரி வந்துச்சு. ஆயாவுக்கு அங்கதான் ஆபரேஷன். உணர்ச்சி திரும்பல. சூடு தெரியாது. டம்ளருக்குத் துணி சுத்திதான் காபி குடிக்கும். ராத்திரி விளக்கடியில உக்காந்து எங்கயாவது சுட்டிருக்கா, கீறியிருக்கான்னு ஒவ்வொரு விரலாத் திருப்பிப் பாக்கும். ஆனா மார்கழியில வாசல்ல கோலம் போட்டுச்சு. மாவை ரெண்டு விரலால கிள்ளி எடுத்து, இருபத்தோரு புள்ளி. அது வெற்றி இல்லையா சார்?

போலியோவும் அப்படித்தான். 2011 ஜனவரிக்கு அப்புறம் இயற்கையாப் பரவுற போலியோ வைரஸ் நம்ம நாட்டுல ஒரு குழந்தையையும் முடக்கல. பட்டாசு வெடிச்சோமா?

"எல்லையில அவன் நிக்கலன்னா நீ போஸ்ட் போட முடியுமா?" ஆரம்பிச்சிட்டீங்களா. முடியாது. ஒத்துக்கறேன். எங்க அப்பா பதினேழு வருஷம் பட்டாளம். அம்மா பொறந்த ஊர் கம்மவான்பேட்டை, பட்டாளத்துக்கு நிறைய பேரை அனுப்பின ஊர்னு இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. லீவுல வந்தா அப்பா துப்பாக்கிக் கதை சொன்னதே இல்ல. அவங்க அம்மா கையைத்தான் முதல்ல பிடிச்சுப் பாப்பார். பட்டாளத்தை யாரும் குறைக்கல. ஆஸ்பத்திரியைப் பாத்து சிரிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா? எனக்கு இல்ல. எங்க வீட்டுக்கு எது பெருசுன்னு எனக்குத் தெரியும்.

நேத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இதையே சொன்னேன். "நீயெல்லாம் பட்டாளத்தான் பிள்ளையா"ன்னு சித்தப்பா போட்டுட்டார். அதுக்கு ஏழு பேர் கைதட்டல் வேற. சித்தப்பா, அந்தக் கைதான் உங்களுக்கும் சோறு பிசைஞ்சு ஊட்டுச்சு. திட்டணும்னா போன் பண்ணுங்க, இங்க கமெண்ட்ல வேணாம்.

அந்தப் பொண்ணு வீட்டு ஆளுங்களைத் தெரிஞ்சவங்க இன்பாக்ஸ் வாங்க. அது பாதியில விட்ட பேச்சை நான் முழுசா கேக்கணும்.