பிராட்பேண்ட் லைன் செத்துக் கிடக்கு, புகார் மட்டும் 'முடிஞ்சிடுச்சு'!

திருவொற்றியூர்ல கன்டெய்னர் லாரி தொங்குற ஒயரை இழுத்துக்கிட்டுப் போகும். கொருக்குப்பேட்டையில வடிகாலுக்குத் தோண்டுற ஜேசிபி ஃபைபரைப் பிச்சுப் போடும். சரி, அறுந்துபோறது சகஜம். வயிறு எரியறது அதுக்கில்ல. மோடத்துல சிக்னல் வரலன்னு காட்டுற எல்ஓஎஸ் லைட்டு சிவப்பா மினுக்கிட்டு இருக்கும்போதே "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது"ன்னு போனுக்கு மெசேஜ் வருதே, அதுக்குத்தான்!

இதை யாரும் சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. 2024 அக்டோபர் 1லேர்ந்து அமல்ல இருக்குற டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சேவைத் தர விதிப்படி, வீட்டு பிராட்பேண்ட் பழுதைச் சரிபண்ண மூணு நாளுக்கு மேல ஆனா வாடிக்கையாளருக்கு ஈடு தரணும். போஸ்ட்பெய்டா இருந்தாலும் ப்ரீபெய்டா இருந்தாலும் தரணும். ரெண்டாவது நாளே புகாரை மூடிட்டா? நீங்க திரும்பப் போன் பண்ணுவீங்க, புது நம்பர் விழும், கணக்கு மறுபடி முதல் நாள்லேர்ந்து ஓடும். உங்க காசு அங்கதான் போகுது.

அதனால டெக்னீஷியன் போன்ல, "சார், ஓடிபி மட்டும் சொல்லிடுங்க, சாயங்காலம் வந்து பாத்துடறேன்"னு கெஞ்சினா சொல்லாதீங்க. அந்த ஓடிபியை வெச்சுத்தான் புகாரை மூடுவாங்க. அந்தப் பையன் பாவம்தான், மேல இருக்குறவன் டார்கெட் வெச்சுக் கழுத்தை நெரிக்கிறான். ஆனா லைன் வந்த பிறகுதான் ஓடிபி. பழைய புகார் நம்பர், மூடின மெசேஜ், தேதி நேரத்தோட சிவப்பு லைட்டு போட்டோ, மூணையும் பத்திரமா வைங்க.

சிவப்பு லைட்டு எரியாம இருந்தும் அடிக்கடி கட்டாகுதா? மோடம் செட்டிங்ஸுக்குள்ள போய் ஆர்எக்ஸ் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபர்ல வந்து சேர்ற ஒளி சிக்னலோட பலம், எவ்வளவுன்னு பாருங்க. மைனஸ் 15லேர்ந்து மைனஸ் 25 டிபிஎம் வரைக்கும் இருந்தா நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டிடுச்சுன்னா லைன் ஊசலாடும். காரணம் பெரும்பாலும் தெருவுலயே தொங்கும். அறுந்த இடத்தை ஸ்ப்ளைசிங் மெஷின் வெச்சு உருக்கி ஒட்டாம, ரெண்டு முனையிலயும் ஃபாஸ்ட் கனெக்டர்ங்குற பிளக்கை மாட்டி, நடுவுல ஒரு கப்ளர்ல சொருகி, இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி, ஈ.பி. கம்பத்துல தொங்கவிட்டுப் போயிடுவாங்க. மணலி ரோட்டுத் தூசியும் மழை ஈரமும் உள்ள இறங்கினா சிக்னல் படுத்துடும். "ஸ்ப்ளைஸ் பண்ணுங்க, பவர் ரீடிங்கைக் காட்டுங்க"ன்னு நேராக் கேளுங்க. கேக்கத் தெரிஞ்ச வீட்டுல ஒட்டுவேலை பண்ண யோசிப்பாங்க.

அடுத்த புளுகு, "வைஃபையில அப்படித்தான் சார் வரும்." இதை உடைக்கிறது சுலபம். வைஃபையை அணைச்சுட்டு, கேட் 5இ லேன் ஒயர்ல லேப்டாப்பை மோடத்தோட சேத்து, காலையில ஆறு மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட், ராத்திரி ஒன்பதுக்கு ஒரு டெஸ்ட் எடுங்க. 100 எம்பிபிஎஸ் பிளான்ல 94 வந்தா நியாயம். காலையில 94, ராத்திரி 20ன்னா வைஃபை மேல பழி போட முடியாது. பெரும்பாலும் கம்பெனிக்காரங்க தங்ககிட்ட இருக்குற பேண்ட்வித்துக்கு மேல கனெக்‌ஷன் வித்துக் குமிச்சிருப்பாங்க. அந்த ரெண்டு ஸ்கிரீன்ஷாட்தான் உங்க சாட்சி.

கம்பெனியைக் கேட்டா கேபிள்காரர் மேல கைகாட்டும், கேபிள்காரர் கம்பெனி மேல. பில்லு யார் பேர்ல வருதோ அவங்களை விடாதீங்க.

டிராய்க்கு எழுதிட்டுக் காத்திருக்காதீங்க, தனித்தனிப் புகாரை அது விசாரிக்கிறதில்ல. புகார் நம்பரை வெச்சு 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போங்க. காசு கிடையாது, 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். இப்படி ஒரு அதிகாரி இருக்குறதையே வெப்சைட்டுல எந்த மூலையில ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தேடிப் பாருங்க, கொதிக்கும்!

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல பதிவு பண்ணுங்க. அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் ஆணையம். "டெலிகாம் கேஸ் அங்க செல்லாது"ன்னு மிரட்டுவாங்க. செல்லும்னு 2022 பிப்ரவரியிலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கம்பெனி தலைமை ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்குற இடத்துலயே கேஸ் போடலாம். வடசென்னைக்காரங்க நமக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல, நுகர்வோர் வழக்குக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்துல உக்காந்த இடத்துலேர்ந்தே பதியலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். மனுவுல லைன் இல்லாத நாளுக்கான வாடகையோட மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ரெண்டையும் சேத்தே கேளுங்க.