கேட் லைட்டும் கல்லாக்கணக்கும்

(பாளையங்கோட்டை. ஐப்பசி மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டு கேட் தூண் பக்கம் எலக்ட்ரீசியன் செல்வம் குத்த வைத்திருக்கிறான்.)

அண்ணாச்சி: மழை பெஞ்சா போதும், கரண்டை அணைக்குத அந்த ஆர்.சி.சி.பி. டப்பா விழுந்துருதுடே. அதைக் கழட்டிட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்துரு.

செல்வம்: பால்காரர் ஏன் ரோட்டுலயே நிக்காரு?

அண்ணாச்சி: நேத்து கேட்டைத் தொட்டான், சுருக்குன்னுச்சாம். இப்ப விசில்தான்.

செல்வம்: மெயினை அணைச்சாச்சா?

அண்ணாச்சி: லைட் சுவிட்சை அணைச்சிட்டேன்லா.

செல்வம்: அது கரண்டு திரும்பிப் போகுத நியூட்ரல் வயர்ல போட்ட சுவிட்ச் அண்ணாச்சி. அணைச்சாலும் பேஸ், அதாவது உள்ள வருத கரண்டு, பல்பு வரைக்கும் நிக்கும். ராத்திரி பல்பு லேசா மினுங்குமே?

அண்ணாச்சி: நம்ம வீட்டுப் பல்பு விசுவாசமா இருக்குன்னுல்லா நெனச்சேன்! (மெயினை அணைக்கிறார்.)

செல்வம்: (லைட்டின் கண்ணாடியைக் கழற்றி) ஒரு டம்ளர் தண்ணி. ஒரு பல்லி. ஜாயிண்டுல சுத்துன டேப்பு வாழைத்தோல் மாதிரி உரிஞ்சு நிக்கி. கசியுத கரண்டை மண்ணுக்குள்ள இறக்குத எர்த் வயரே இல்ல. யாரு போட்டது?

அண்ணாச்சி: வயர் யாரு போட்டா என்ன? ரெண்டு 9 வாட் பல்புக்கு இது போதாதா?

செல்வம்: பல்பு ரெண்டும் சேந்து 80, 90 மில்லி ஆம்ப் குடிக்கும். அதுல பாதி உடம்புக்குள்ள போனா ஆளைத் தூக்கிரும். அதனாலதான் அந்த ஆர்.சி.சி.பி. டப்பா 30 மில்லி கசிஞ்சாலே விழுது.

அண்ணாச்சி: அப்ப பக்கத்துல இருக்க எம்.சி.பி. எதுக்கு?

செல்வம்: அது பாரம் தூக்குத ஆளு. மூட்டை, அதாவது ஓடுத கரண்டு, கூடுனாத்தான் கீழ போடும். ஆர்.சி.சி.பி. உங்க கல்லா மாதிரி. பேஸ்ல போனது நியூட்ரல்ல அப்படியே திரும்பி வரணும். 30 மில்லி குறைஞ்சா ஷட்டரை இழுத்துரும்.

அண்ணாச்சி: கணக்கு தட்டுனா நானும் அதைத்தான் செய்வேன். சரி, எர்த்துக்குத் தனி வயர் எதுக்கு? நியூட்ரல்லயே முறுக்கி விடேன்.

செல்வம்: நியூட்ரல் எங்கயாச்சும் அந்துச்சுன்னா லைட்டோட உடம்புல 230 வோல்ட்டு வந்து உக்காரும். பால்காரர் விசிலடிக்கக்கூட இருக்க மாட்டாரு.

அண்ணாச்சி: சரிடே, தனி எர்த்தே இழு. வீட்டுல இருந்து கேட்டு 40 அடி, கேட்டு அகலம் 12. 52 அடி வயர் வாங்கட்டா?

செல்வம்: தூண் 5 அடி. முதல் தூண்ல ஏறி இறங்கணும், ரெண்டாவதுல ஏறணும், அது 15. மண்ணுக்குள்ள இறங்கி ஏற ரெண்டரை அடி, நாலு தடவை, அது 10. ஆக 77. 1.5 ஸ்கொயர் மி.மீ., உள்ள மூணு வயர் இருக்க மூணு கோர், மேல இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள் 25 மீட்டர் வாங்குங்க.

அண்ணாச்சி: 25 மீட்டர்னா 82 அடி வரும்ல. மிச்சம் 5?

செல்வம்: அது ரெண்டு முனையிலயும் சீவி மாட்ட. குழியில மணல் போட்டு, கேபிளை விட்டு, மேல மணல், அதுக்கு மேல செங்கல். கார் ஏறுத இடத்துல பைப்புக்குள்ள போகணும்.

அண்ணாச்சி: செங்கல் பத்து கெடக்கு, கொல்லையில.

செல்வம்: 50 அடிக்குப் பத்தா? நல்லா எண்ணுங்க.

அண்ணாச்சி: லைட்டை இனி தண்ணி தொடாதுல்லா?

செல்வம்: மழைத்தண்ணி புகாத ஐ.பி. 65 லைட்டு வாங்குங்க. கேபிள் அடியில இருந்துதான் ஏறணும், நுழையுத ஓட்டையை இறுக்குத கிளாண்டு போட்டு. மேலயும் ரெண்டு பக்கமும் சிலிக்கான் பசை பூசுவேன், அடி ஓரத்தை விட்டுருவேன்.

அண்ணாச்சி: அடியில மட்டும் கஞ்சத்தனமா?

செல்வம்: உள்ள வேர்க்குத தண்ணி வடியணும்லா. அடைச்சா மறுபடி டம்ளர்தான். கடைசியில பல்பைக் கழட்டிட்டு வயர்ல கசிவு இருக்கான்னு காட்டுத மெக்கர்ல 500 வோல்ட்டு வச்சுப் பாப்பேன், தடை ஒரு மெகா ஓமாவது காட்டணும். ஆர்.சி.சி.பி.யில இருக்க டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா நீங்க அமுக்கணும்.

அண்ணாச்சி: அமுக்குனா?

செல்வம்: டப்புனு விழணும்.

அண்ணாச்சி: டி.வி.யும் அணைஞ்சுரும்லாடே. சீரியல் நேரத்துல அமுக்குனா வீட்டுல எனக்குத்தான் டப்புனு விழும். ... அந்தப் பழைய வயரை எறிஞ்சிராத. துணி காயப்போடக் கொடி கட்டலாம்.

செல்வம்: கட்டுங்க. ஒரு முனை இன்னும் சுவிட்ச் போர்டுல கிடக்கு, அதைக் கழட்டுன பொறவு கட்டுங்க.