முன் பிரேக் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

புதிதாக மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்த தம்பிக்குப் பதிலாக, இங்கே மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், முன் பிரேக்கைத் தொட்டால் மோட்டார் குட்டிக்கரணம் அடிக்கும், பின் பிரேக் மட்டும் போதும் என்று எழுதியிருக்கிறார், பலரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அது சரியில்லை அண்ணே. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குச் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் காய்ந்த சாலையில் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்னால்தான் கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

அந்தப் பயமும் சும்மா வந்ததில்லை. மலேசியாவின் ஃபெடரல் நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிள்களுக்கான தனிப் பாதையில் மழை விட்ட நேரம், வளைவில் சாய்ந்தபடி முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் வேண்டும். தப்பு பிரேக்கில் இல்லை, பிடித்த விதத்தில்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பல கப்சாய்களில் (நம்மூர் சின்ன மோட்டார் சைக்கிள்கள்) முன்னால் பலமாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், ஏன் அப்படி வைத்தார்கள்? அப்புறம், ஞாயிறு காலை ஆளில்லாத, காய்ந்த பார்க்கிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேராக 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து (வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல்!) கோட்டில் பின் பிரேக் மட்டும் 3 தடவை, இரண்டையும் சேர்த்து 3 தடவை பிடித்து, கோட்டிலிருந்து எத்தனை காலடி என்று எண்ணுங்கள். முன் பிரேக்கை முதலில் மெல்ல அழுத்தி, பிறகு இறுக்குங்கள் தம்பி. ஹெல்மெட் வார் மாட்டியிருக்கட்டும்.